திருநாளுக்கு முன்பே வந்துவிடுங்கள்!

தலவிலவுக்குத் திருநாளன்று விடிய வந்து, பூசை கண்டு, மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் பின்னேரமே வாகனம் ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். கலியாண வீட்டுக்கு வந்து கை நனைக்காமல் போகிற ஆக்கள் அவர்கள். புனித அன்னம்மாள் திருத்தலத்தில் எது விசேஷம் என்று என்னைக் கேட்டால், திருநாள் பூசையை இரண்டாவதாகத்தான் சொல்வேன். முதல் இடம் அதற்கு முந்திய நாள்களுக்கு. கொடி ஏறிய கையோடு கோயிலைச் சுற்றிய மணலில் மரத்துக்கு மரம் தார்ப்பாய் இழுத்துக் கட்டி, கல் வைத்து அடுப்பு மூட்டி, முன்பின் அறியாத குடும்பங்கள் அருகருகே பாய் விரித்துவிடும். அதன்பிறகு செபிப்பதும் சமைப்பதும் சிரிப்பதும் ஒன்றாகவே நடக்கும். அந்த நாள்களுக்கு ஈடான ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எடுத்த எடுப்பிலேயே இப்படிப் புகழ்கிறானே என்று நினைப்பீர்கள். இனிமேலும் புகழத்தான் போகிறேன்.

ஊர் தெரியாதவர்களுக்கு வழி சொல்லிவிடுகிறேன். கொழும்பிலிருந்து புத்தளம் வீதியில் வந்தால் நீர்கொழும்பு, வென்னப்புவ, மாரவில, சிலாபம் என்று கோயில் கோபுரங்களை எண்ணிக்கொண்டே வரலாம். முந்தலைத் தாண்டிப் புத்தளம் நகருக்குச் சற்று முன்னால் பாலாவிச் சந்தி. அங்கே இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டிக் குடாநாட்டு வீதி. திரும்பியதும் உலகமே மாறிவிடும். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் எங்கோ கண்ணுக்குப் படாத கடல், நடுவில் வெறும் மணல். அந்த மணலிலும் தண்ணீர் இறைத்துப் பீற்றூட்டும் சின்ன வெங்காயமும் மிளகாயும் விளைவிக்கிறார்கள். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியும் காற்றாலைகளும் தெரியத் தொடங்கினால் கிட்டிவிட்டோம் என்று பொருள். வேனில் யாராவது ஒருவர் செபமாலையை எடுத்துவிடுவார். அதுவரைக்கும் பைலாப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்த பொடியன்கள்கூடத் தொப்பியைக் கழற்றிவிடுவார்கள்.

தலவிலவுக்கு ஆண்டில் இரண்டு திருநாள். ஒன்று மார்ச்சில், மற்றது ஆகஸ்டில். ஆகஸ்ட்டுத்தான் பெரியது. மே தொடங்கிச் செப்டெம்பர் வரைக்கும் இந்தக் கரையில் தென்மேல் பருவக்காற்று வீசுகிற காலம். கடல் கொந்தளிக்கும், காற்று ஆளைத் தள்ளும். இதே காற்றில் பட்டம் கட்டிக்கொண்டு தண்ணீரில் சறுக்குவதற்காகவே வெள்ளைக்காரர்கள் காசு கட்டிக் கற்பிட்டிக்கு வருகிறார்கள்! நமக்கோ தார்ப்பாயைப் பிடித்துக் கட்டுவதற்கே நான்கு பேர் வேண்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள், கடற்றொழிலாளி குடும்பத்தோடு வந்து பல நாள் தங்குவதற்குக் கடல் இடம் கொடுக்கிற காலமும் அதுதான். படகைக் கரையில் ஏற்றிவிட்டு அவன் அன்னம்மாளிடம் வருகிறான்.

அந்தக் காற்றில் மெழுகுதிரி கொளுத்துவதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் நின்று நின்று பார்ப்பேன். தீக்குச்சி பற்றும், திரிக்குக் கிட்டப் போகும்போது அணையும். மறுபடி பற்றவைப்பார்கள், மறுபடி அணையும். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் நிற்கிறவர் ஒன்றும் பேசாமல் காற்று வருகிற பக்கமாக முதுகைக் கொடுத்து நிற்பார். இன்னொருவர் சாரத்தின் தலைப்பை விரிப்பார். ஒரு சின்னப் பிள்ளை இரண்டு கையையும் கூட்டிப் பிடிக்கும். திரி பிடித்துக்கொள்ளும். அதிலிருந்து அடுத்தவர் பற்றவைப்பார், அவரிடமிருந்து இன்னொருவர். தனியாள் ஒருவன் தன் திரியைத் தானே கொளுத்திவிட்டுப் போக அந்தக் காற்று விடுவதேயில்லை. ஒருமுறை என் திரிக்கு முதுகு கொடுத்தவர் ஒரு வயதான சம்மாட்டி. அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகெல்லாம் மணல் அடித்து ஒட்டியிருந்தது. நன்றி சொல்வதற்கு நான் நிமிர்வதற்குள் அவர் அடுத்த திரிக்கு நகர்ந்துவிட்டார். ஐக்கியம், அன்பியம், சமூக வாழ்வு என்றெல்லாம் பங்கில் கருத்தரங்கு வைப்பார்களே, அதற்கு இதைவிட நல்ல பாடம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

இனி சமையல். இதைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். தலவிலவில் யாரும் தன் குடும்பத்துக்கு அளந்து சோறு போடுவதில்லை. பக்கத்துத் தார்ப்பாயில் பிள்ளைகள் இருக்கும், இரவு பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் இருப்பார்கள், நேர்த்திக்காக நடந்து வருகிறவர்கள் கால் வீங்கி வந்து குந்துவார்கள். ஆகவே பெரிய சட்டி. அடுப்பங்கரையில் பெண்களும் ஆண்களும் என்று பாகுபாடே இல்லை. திருவலையில் உட்கார்ந்து தேங்காய் திருவுகிறவர் வீட்டில் ஒரு கோப்பை கழுவாத மனிதராக இருப்பார். பருப்பும் சம்பலும் பொரித்த கருவாடும் எந்தத் தார்ப்பாயிலும் கிடைக்கும். சிங்களக் குடும்பங்கள் விடியற்காலையில் பால்சோறு கிண்டினால் ஒரு துண்டாவது நமக்கு வந்துசேரும். நாம் தோசை சுட்டால் அந்தப் பக்கம் போகாமல் தீராது. மணல் கடிபடும், அது வேறு கதை. மணல் கடிபடாத சோறு தலவிலச் சோறே அல்ல!

சில வருடங்களுக்கு முன் எங்களுக்குப் பக்கத்தில் மாரவிலப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் தங்கியிருந்தது. வீட்டில் எல்லாரும் சிங்களம்தான் பேசினார்கள். எங்களுடைய அரைகுறைச் சிங்களத்தில் நாங்களும் கதைத்துக்கொண்டிருந்தோம். இரவு செபமாலை தொடங்கியதும் அவர்களுடைய பாட்டி எங்கள் பாயில் வந்து உட்கார்ந்தார். தமிழில் நாங்கள் முதற்பாதி சொல்ல, பிற்பாதியைத் தமிழிலேயே சொன்னார், அதுவும் நம் பாட்டிமார் சொன்ன பழைய வார்த்தைகளில், ஒரு எழுத்துத் தட்டாமல். பேச்சுத் தமிழ் அவருக்கு வராது. செபம் மட்டும் தமிழ்! நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரையான இந்தக் கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவும் ஒரு காலத்தில் தமிழ் பேசியவைதான். சென்ற நூற்றாண்டில் பள்ளிக்கூடங்கள் சிங்களத்துக்கு மாறியதோடு வீட்டுப் பேச்சும் மாறிப்போனது. ஆனால் படுக்கப் போகுமுன் கடவுளிடம் சொல்கிற வார்த்தையை அந்தத் தலைமுறை மாற்றிக்கொள்ளவில்லை. “ஆச்சி, எங்க படிச்சீங்க?” என்று என் மனைவி சைகையோடு கேட்டாள். அம்மாவிடம் என்று நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். அன்னம்மாள் சிறுமி மரியாளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுக்கிற படம் எத்தனையோ கோயில்களில் தொங்குகிறது. அன்றைக்கு அந்தப் படம் பாய் விரித்து எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

இந்தக் கோயில் எப்படி வந்தது என்பதற்குச் சனங்களிடம் இரண்டு கதை உண்டு. ஒன்று, பிழைப்புத் தேடி வடக்கிலிருந்து கொழும்பை நோக்கிக் கரையோரமாக நடந்துவந்த ஏழைப் போர்த்துக்கேயன் ஒருவனின் கதை. களைத்து ஒரு மரத்தடியில் தூங்கியவன் கனவில் அன்னம்மாளைக் கண்டான், விழித்துப் பார்த்தால் சொரூபம் அங்கேயே இருந்தது, அந்த இடத்தில் அவன் கோயில் கட்டினான் என்பார்கள். மற்றது கப்பற்காரன் கதை. இந்தக் கரைக்கு அருகே கப்பல் உடைந்து, உயிர் தப்பிய தலைவன் மரத்தடியில் சொரூபத்தை வைத்து, தொழில் செழித்தால் திரும்பி வந்து ஆலயம் எழுப்புவேன் என்று நேர்ந்துகொண்டான், சொன்னபடி வந்தான் என்பார்கள். எது வரலாறு, எது சனங்களின் பக்தி என்று பிரிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. எனக்கு ருசியாக இருப்பது, இரண்டு கதையிலும் கையில் ஒன்றுமில்லாத ஒருவன்தான் கோயிலுக்கு அடி வைக்கிறான் என்பது. இப்போது நிற்கிற ஆலயம் 1837-இல் தொடங்கி 1843-இல் கட்டி முடிக்கப்பட்டது. உள்ளே முதிரை மரத்தூண்கள் நிற்கின்றன. போகிறவர்கள் தயவுசெய்து அந்தத் தூண்களை ஒருதடவை கையால் தொட்டுப் பாருங்கள். எத்தனை தலைமுறை உள்ளங்கைகள் அந்த மரத்தை வழுவழுப்பாக்கியிருக்கின்றன!

வேதாகமத்தில் அன்னம்மாளின் பெயரே கிடையாது என்று சொல்லுகிற பெந்தெகொஸ்தே நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். அவர் சொல்வது சரிதான். யோவாக்கீம், அன்னா என்ற பெயர்கள் இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட யாக்கோபின் முதல் நற்செய்தி என்ற நூலிலிருந்து வருகின்றன. பிள்ளையில்லாமல் வயதேறிப்போன ஒரு தம்பதி, எல்லாரும் கைவிட்ட பிறகும் காத்திருந்தார்கள் என்பதுதான் அதில் உள்ள கதை. பிள்ளை வரம் கேட்டு வருகிற தம்பதிகள் தலவிலவில் இவ்வளவு பேர் இருப்பது அதனால்தான். அந்த நண்பரையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போனேன். சொரூபத்துக்கு முன்னால் அவர் முழங்காலிடவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் மணலில் உட்கார்ந்து ஒரு முழு இரவும் எங்களோடு பாடினார், திரும்பும்போது அடுத்த வருடம் எப்போது என்று அவரே கேட்டார்.

அவர் மனம் இளகியது வேஸ்பர் இரவில். திருநாளுக்கு முந்திய இரவு மாலை ஆராதனையும் நற்கருணை ஆசீரும். அதை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியுமா தெரியவில்லை, முயற்சி செய்கிறேன். ஆலயத்துக்குள் கொள்ளாத சனம் மணல்வெளி முழுக்க நிற்கும். ஒரு மன்றாட்டுச் சிங்களத்தில், அடுத்தது தமிழில். பிள்ளைகள் தோளில் தூங்கும். கடல் ஒரு பக்கம் இரைந்துகொண்டேயிருக்கும். நற்கருணைக் கதிர்ப்பாத்திரத்தோடு குருவானவர் வெளியே வரும்போது அத்தனை சனமும் மணலில் முழங்காலிடுகிற சத்தம் ஒன்று கேட்கும் பாருங்கள், துணி உரசுகிற, மணல் நெரிகிற அந்த ஓசை ஒரு முனையில் தொடங்கி மறு முனைக்கு ஓடும். பிறகு மணியோசை தவிர ஒன்றுமில்லை. அந்த நிமிஷத்தில் யாருடைய முகத்தைப் பார்த்தாலும் வாசலில் யாரையோ எதிர்பார்த்து நிற்கிறவரின் முகம்தான். கேட்டது கிடைக்குமோ கிடைக்காதோ என்ற தவிப்பு அதில் இல்லை. வருகிறவர் வந்தே தீருவார் என்ற நிச்சயம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற அதே நான், இங்கே ஆராதனை முடிந்துவிடக்கூடாதே என்று ஏங்கி நிற்கிறேன். ஆராதனை என்றால் இப்படி எதிர்பார்ப்போடு இருக்கவேண்டும் என்று ஒரு குருவானவரும் எனக்கு விளக்கத் தேவைப்படவில்லை, அந்தச் சனத்தின் நடுவில் நின்றதே போதும்.

இந்தக் கரைச் சனத்துக்குக் காத்திருப்பு புதிதல்ல. 1658-இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரைத் துரத்திவிட்டுக் கத்தோலிக்கக் குருமாரையும் நாடு கடத்தினார்கள். குருமாருக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை. கற்பிட்டியில் இன்றும் நிற்கிற கோட்டை 1667-இல் அவர்கள் கட்டத் தொடங்கியதுதான். ஏறக்குறைய முப்பது வருடம் பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை. மூப்பர்மாரும் அண்ணாவிமாரும் என்று ஊர்ப் பெரியவர்களே செபம் சொல்லிக் கொடுத்து, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து விசுவாசத்தைக் கட்டிக்காத்தார்கள். 1687-இல் கோவையிலிருந்து, இந்தியாவின் மேற்குக் கரைக் கோவாவைத்தான் நம் பழைய ஆக்கள் அப்படிச் சொல்வார்கள், கூலிக்காரன் வேடத்தில் வந்து இறங்கினார் யோசேப்பு வாஸ் சுவாமி. 1690-இல் அவர் புத்தளத்துக்கு வந்தார். புத்தளம் அப்போது கண்டி அரசனின் ஆளுகையில் இருந்ததால் ஒல்லாந்தரின் கை அங்கே நேராக எட்டவில்லை. ஒரு வருடம் இந்தப் பக்கத்துச் சனங்களிடையே உழைத்துவிட்டு, 1692-இல் கண்டிக்குப் போய், போர்த்துக்கேய ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டார். 1711-இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14-ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக உயர்த்தியபோது கூடிய சனத்தில் புத்தளம் கரையோரத்தார் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்! பஸ் பஸ்ஸாகப் போனார்கள்.

வாஸ் சுவாமிக்குப் பின்னால் 1705-இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியை நம் இளைஞர்கள் அவ்வளவாக அறியார்கள். அறிந்துகொள்ள வேண்டும். கோவாக்காரரான அவர் தமிழும் சிங்களமும் கற்று இரண்டிலும் நூல் நூலாக எழுதித் தள்ளினார். தவக்காலத்தில் ஊர் ஊராக வாசிக்கப்பட்ட வியாகுலப் பிரசங்கம் அவருடையதுதான். 1742-இல் இறந்தார், கல்லறை இதே மாவட்டத்தில் போலவத்தை ஆலயத்தில் இருக்கிறது. தலவிலவுக்கு வருகிற வழியில் கொஞ்சம் விலகினால் பார்த்துவிட்டு வரலாம். இரண்டு மொழியிலும் மன்றாட்டு மாறி மாறி ஒலிக்கிற அந்த வேஸ்பர் இரவுக்கு அடிக்கல் வைத்தவர் அவர் என்று நான் அடித்துச் சொல்வேன்.

இப்போது என் மனதுக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். தலவிலவுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஏதோ கேட்டு வருகிறவர்கள் என்று வெளியில் நினைக்கிறார்கள். தங்கிப் பாருங்கள், பாதிக்கு மேற்பட்டவர்கள் நன்றி சொல்ல வந்தவர்கள் என்று தெரியவரும். போன வருடம் கண்ணீரோடு வந்த தம்பதி இந்த வருடம் கைக்குழந்தையோடு வந்து, அறிமுகமில்லாத எல்லார் கையிலும் பிள்ளையைக் கொடுத்து வாங்குவார்கள். சத்திரசிகிச்சை முடிந்து எழும்பி வந்தவர் முழங்காலில் ஆலயத்துக்குள் போவார். இவை எங்கும் உண்டு, வேளாங்கண்ணியிலும் உண்டு, மடுவிலும் உண்டு. நான் சொல்ல வந்தது வேறொரு நன்றி.

சிலாபத்துக்கு வடக்கே ஒரு ஊரைச் சேர்ந்த கடற்றொழிலாளி அண்ணன் ஒருவர். பெயர் வேண்டாம். 2022-இல் நாட்டில் எண்ணெய் இல்லாமல் போனதே, அப்போது மண்ணெண்ணெய்க் கேனை வரிசையில் வைத்துவிட்டு நாள் கணக்காகக் காத்துக் கிடந்தவர். படகு கரையில் காய்ந்தது. அந்த வருடம் என்ன செய்தீர்கள் என்று அடுப்படியில் வைத்துக் கேட்டேன். “என்ன செய்யிறது, தம்பி. அந்த வருசந்தான் நான் கூட நன்றி சொன்னன்” என்றார். எனக்கு விளங்கவில்லை. எஞ்சின் படகு வைத்திருந்தவர்கள் எல்லாரும் முடங்கியபோது, களப்பில் தோணி வலிக்கிற ஏழைத் தொழிலாளிகளுக்கு மட்டும் எண்ணெய் தேவைப்படவில்லை. அவர்கள் பிடித்த மீனில் ஒரு பங்கு இவருடைய வீட்டுக்கு வந்துகொண்டிருந்ததாம். அதுவரைக்கும் அவர்களை இவர் ஒரு பொருட்டாக மதித்ததில்லையாம். “கிடைச்ச பிறகு நன்றி சொல்லுறது கடன் தீர்க்கிறது, தம்பி. கிடைக்க முந்திச் சொல்லிப் பாருங்க” என்று சொல்லிவிட்டுக் கருவாட்டைத் திருப்பிப் போட்டார்.

நான் திகைத்துப்போனேன். திருத்தூதர் பணிகளில் இருபத்தேழாம் அதிகாரத்தில் பவுல் போன கப்பல் நினைவுக்கு வந்தது. புயலில் பல நாள் அலைந்து, கப்பலில் இருந்த 276 பேரும் சாப்பாட்டை மறந்து கிடக்கிறார்கள். விடியப்போகிற நேரம் பவுல் எல்லார் முன்னிலையிலும் அப்பத்தை எடுத்து, கடவுளுக்கு நன்றி சொல்லி, பிட்டுச் சாப்பிடத் தொடங்குகிறார். அதைப் பார்த்து மற்றவர்களும் தைரியம் கொண்டு சாப்பிடுகிறார்கள். கப்பல் அதற்குப் பிறகுதான் உடைகிறது! எல்லாரும் கரைசேர்ந்ததும் அதற்குப் பிறகுதான். புயலுக்கு நடுவில் சொன்ன நன்றி அது. எத்தனை தடவை இந்தப் பகுதியை வாசகமாகக் கேட்டிருப்பேன், பலகை ஒன்றைப் பிடித்துக் கரைசேர்ந்த கதையாக மட்டுமே மனதில் நின்றது. கடல் தெரிந்த ஒரு மனிதர் கருவாடு பொரித்துக்கொண்டே அந்த அதிகாரத்தை எனக்குத் திறந்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வருமுன்னரே நன்றிச் செபம் சொல்கிற வழக்கம் வந்துவிட்டது. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். இப்போது சோதனைக்குப் போகுமுன்னர் அவர்களே ஞாபகப்படுத்துகிறார்கள். பெறுபேறு வந்தபிறகு ஞாபகப்படுத்துவது கொஞ்சம் குறைவுதான்!

புகழ்ச்சிக்கு நடுவில் ஒரு கசப்பையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆலயங்களில் குண்டுகள் வெடித்தன. இந்தக் கரையோரத்தில் அந்த நாளில் உறவோ நட்போ இழக்காத குடும்பங்கள் குறைவு. அதே வருடம் மே மாதத்தில் சிலாபத்திலும் அயலிலும் முஸ்லிம் மக்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. கிறிஸ்தவ வாழ்வைப் புகழ்ந்து எழுதுகிறவன் முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதை விழுங்கக் கூடாது. தலவிலவைச் சுற்றியிருக்கிற ஊர்களைப் பாருங்கள், எத்தனையோ முஸ்லிம் கிராமங்கள். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் துரத்தப்பட்டவர்கள் கையில் ஒன்றுமில்லாமல் வந்து தங்கியதும் இந்த மணலில்தான். திருநாள் காலத்தில் எங்கள் சட்டியில் வேகிற பீற்றூட்டும் வெங்காயமும் பெரும்பாலும் அவர்கள் தோட்டத்து விளைச்சல். வீதியோரம் நிறுத்தி வாங்கும்போது, எங்களுக்காகவும் கேளுங்கள் என்று சொல்லிக் கூட ஒரு பிடி அள்ளிப் போட்ட கைகளை எனக்குத் தெரியும். பந்தியில் அவர்களுக்கும் இடம் இருக்கவேண்டும். நம்மில் சிலர் அந்த வருடம் மறந்துபோனதை நாம் மறக்காமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான் சொல்வேன்.

இந்துக்களும் பௌத்தர்களும் வருகிறார்கள், யாரும் யாரையும் என்ன மதம் என்று கேட்பதில்லை. ஜெர்மனியில் கேவலார் திருத்தலத்துக்கும் கனடாவில் மிட்லண்ட் திருத்தலத்துக்கும் நம் புலம்பெயர்ந்த சனம் ஆண்டுதோறும் திரள்வதும் இந்த ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டதால்தான் என்று நினைக்கிறேன். அங்கே பாய் விரித்துச் சமைக்க விடுவார்களோ தெரியாது. விட்டால் நம்மவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள்.

நம்மவர்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. தண்ணீர்ப் போத்தலையும் சாப்பாட்டுப் பொதியின் பிளாஸ்டிக் தாளையும் மணலில் புதைத்துவிட்டுப் போகிறோம். மணல் மூடிவிடும், காற்று திறந்துவிடும். நன்றி சொல்ல வந்த இடத்தில் குப்பையை விட்டுப்போவது என்ன நன்றி? அடுத்தமுறை ஒரு சாக்கு எடுத்துவாருங்கள், உங்கள் குப்பை உங்களோடு ஊருக்கு வரட்டும். கடலில் குளிக்க ஆசைப்படுகிற பொடியன்களையும் அதட்டி வையுங்கள். ஆகஸ்ட்டுக் கடல் விளையாட்டுக்கு உரியதல்ல, தொழில் தெரிந்தவர்களே கால் நனைக்காமல் நிற்பார்கள்.

இப்படி முடிவில்லாமல் சொல்லிக்கொண்டே போவேன். ஒரு விண்ணப்பத்தோடு நிறுத்துகிறேன். ஆகஸ்ட் திருநாள் வழக்கமாக மாதத்தின் முதல் ஞாயிறை ஒட்டி வரும், திகதியைப் பங்குக் கோயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். வேலையிலிருந்து ஒரு நாள் லீவு கேட்கிற இடத்தில் சில நாள் சேர்த்துக் கேளுங்கள். தடித்த தார்ப்பாய், நல்ல கயிறு, பெரிய சட்டி, பாய், பிள்ளைகளுக்குக் காதை மூடக் குளிர்த்தொப்பி, இவ்வளவு போதும். உங்கள் பிள்ளைகளின் அம்மம்மா, அப்பம்மா நடக்கக்கூடியவர்களாக இருந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள், இயேசுவின் அம்மம்மா வீட்டுக்கு அவர்கள் இல்லாமல் வருவது சரியில்லை. தார்ப்பாய் கட்டத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கட்டித்தர ஆள் இருக்கிறோம். வந்து இறங்கியதும் பக்கத்துப் பாயில் இருக்கிறவர்களிடம் சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். தமிழோ சிங்களமோ, தலவிலவில் எல்லாம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.